நடைபாதையில் வசிப்பவர்களைப் பற்றித் தவறான செய்தி வந்தால்: திருத்தம் வாங்கும் வழி

சென்னை நடைபாதைகளில் வசிக்கும் குடும்பங்களோடு புதிதாக வேலை செய்ய வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமூகப் பணி படிக்கும் மாணவர்கள், காப்பக ஊழியர்கள், நடைபாதையிலேயே பிறந்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் பயன்படும். என்றைக்காவது ஒருவர் உங்களிடம் பேப்பரை நீட்டி, "படத்துல இருக்கறது நாங்கதான். ஆனா எழுதியிருக்கறது எங்களப் பத்தி இல்ல" என்பார். அதற்கு மேல் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை.

எங்களுக்கு வந்தது படத்தால் வந்த வினை. செல்போன் பறிப்பு பற்றிய செய்திக்கு, வால்டாக்ஸ் சாலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் பழைய படத்தை ஒரு நாளிதழ் போட்டிருந்தது. அந்த அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்த வீட்டில் "இனிமேல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். திருத்தம் வருவதற்குள் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல், கெடு எது, யாருக்கு முதலில் எழுத வேண்டும், எந்தக் காகிதம் வேண்டும் என்று தெரியாததால் வந்தது.

"ஒரு செய்திதானே, நாலு நாளில் மறந்துபோகும்" என்று உங்களிடமும் சொல்வார்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த வயதான பெண்மணி ஒருவரும் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்தியைக் கிளப்பியது செய்தித்தாள்கள் இல்லை. ஆனால் அழுக்குத்துணியோடு முன்பின் தெரியாத ஒருவர் நின்றாலே சந்தேகப்படும்படி நம் கண்ணைப் பழக்கியதில் துணுக்குச் செய்திகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. சரி, வேலைக்கு வருவோம்.

1. சம்பந்தப்பட்டவரை முதலில் கேளுங்கள்

கோபம் நமக்கு வரும். விளைவு அவர்களுக்கு வரும். புகார் கொடுத்த பிறகு நிருபர் கேமராவோடு திரும்பி வரலாம். காவல் நிலையத்திலிருந்து யாராவது வந்து விசாரிக்கலாம். "இந்த இடத்தில் யார் தங்குகிறார்கள்" என்று மாநகராட்சி ஆட்கள் பார்க்க வரலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "செய்யலாமா, விட்டுவிடலாமா?" என்று கேளுங்கள். விட்டுவிடலாம் என்றால் விட்டுவிடுங்கள். அதில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம்.

செய்யலாம் என்றால் ஒரு சம்மதக் கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தையும் வாங்குங்கள். கடிதத்தில் அவருடைய பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். இதை விட்டுவிட்டால், திருத்தம் போடுகிறேன் என்று பத்திரிகை அவர் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டுவிடும். அது இரண்டாவது அடி.

2. ஆதாரத்தை அன்றைக்கே பிடியுங்கள்

அச்சுப் பத்திரிகை என்றால் முழு இதழையும் வாங்குங்கள். வெட்டிய துண்டு மட்டும் போதாது. தேதியும் பக்க எண்ணும் பதிப்பும் தெரிய வேண்டும். சென்னைப் பதிப்பில் வந்த செய்தி வேலூர்ப் பதிப்பில் வேறு தலைப்போடு வந்திருக்கலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும். கடிதம் போகவேண்டிய இடம் அதுதான். இதழ் கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் பார்க்கலாம்.

இணையத்தில் வந்தது என்றால் முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அத்தோடு, இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். காசு கிடையாது. புகார் போனதும் சத்தமில்லாமல் படத்தை மாற்றிவிட்டு "அப்படி எதுவும் வரவில்லையே" என்று சொல்லும் வழக்கம் உண்டு.

டிவி என்றால் தேதியும் நேரமும் முக்கியம். "ராத்திரி செய்தியில் காட்டினார்கள்" என்று எழுதினால் புகார் நிற்காது. பெரும்பாலான சேனல்கள் அதே துண்டை யூடியூபில் போடுகின்றன. அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. எது தவறு என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாமே இந்த வேலையில்தான் இருக்கிறது. "எங்களைக் கேவலப்படுத்தி எழுதியிருக்கிறார்கள்" என்ற புகார் குப்பைத்தொட்டிக்குப் போகும். "மூன்றாவது பத்தியில் உள்ள இந்த வாக்கியம் பொய், இதோ அட்டை" என்ற புகாருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் அடிக்கடி பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

கோப்புப் படம். வழக்குக்கும் படத்தில் இருப்பவருக்கும் சம்பந்தமே இருக்காது. "கோப்புப் படம்" என்று பொடியாகப் போட்டிருந்தாலும், கீழே திருட்டுச் செய்தி இருந்தால் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்தேதான் படிப்பார். எளிதில் திருத்தம் கிடைக்கும் வகை இது. படத்தைத் தேர்ந்தெடுப்பதும் தலைப்பு போடுவதும் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர்கள். அதனால் ஏரியா நிருபரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் நாளைக்கு உங்களுக்கு வேண்டும்.

தொழிலை மறைப்பது. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், பூ கட்டி விற்கிறவர், பழைய பேப்பர் பொறுக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லோரையும் "பிச்சைக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்க 1945-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், அந்தச் சொல் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகக் காரணமாகவும் ஆகலாம். பிச்சை எடுப்பவரே ஆனாலும், 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சமூக, பொருளாதாரப் பிரச்சினையாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிட மறுத்துவிட்டது. கடிதத்தில் இதைக் குறிப்பிடலாம்.

"காப்பகம் இருந்தும் வர மறுக்கிறார்கள்." ஒரு அதிகாரி சொன்னதை அப்படியே போட்டிருப்பார்கள். காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று பிரித்தே நடத்தப்படுகின்றன. புருஷன் ஒரு இடம், பெண்டாட்டி ஒரு இடம், பதினாலு வயதுப் பையன் இன்னொரு இடம் என்றால் எந்தக் குடும்பம் போகும்? விடியற்காலை மார்க்கெட் வேலைக்குப் போகிறவருக்குத் தூரமும் ஒரு காரணம். எண்ணிக்கையையும் கேளுங்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு உத்தரவுகளிலிருந்து வந்த கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அப்படியானால் எத்தனை காப்பகம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்ற கேள்வியை அந்தச் செய்தியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நாளுக்கு நாள் பெருகிவருகிறார்கள்." எங்கிருந்து எடுத்த கணக்கு என்று கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க வீடற்றோர் 2001-இல் சுமார் 19.4 லட்சம், 2011-இல் சுமார் 17.7 லட்சம். மொத்தத்தில் குறைவு, நகரங்களில் மட்டும் பார்த்தால் 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாக உயர்வு. 2011-இல் அந்தக் கணக்கே பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுக்கப்பட்டது என்பதால், விடுபட்டவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எங்களைப் போன்றவர்களே சொல்கிறோம். எப்படியானாலும் "பெருகிவருகிறார்கள்" என்று எழுத ஒரு ஆதாரம் வேண்டும்.

"வெளியூர்க்காரர்கள்." ஜார்ஜ் டவுனில் மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ரேஷன் அட்டையே இதற்குப் பதில்.

போலீஸ் சொன்னது மட்டும். "கைது" என்று போட்டிருந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். படத்தில் இருப்பவரின் பெயரே அதில் இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

அப்புறம், பாராட்டுவது போல வரும் செய்திகள். "பிச்சைக்காரர் மூட்டையில் கட்டுக்கட்டாகப் பணம்", "ஆங்கிலம் பேசும் பிச்சைக்காரர்", தாடி மழித்துக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டுவிடும் வீடியோ. எனக்கு இவை திருட்டுச் செய்தியைவிட எரிச்சல் தருபவை. படித்தவன் தெருவில் இருந்தால்தான் ஐயோ பாவம் என்றால் படிக்காதவன் இருப்பது சரியா? வாடகைக்கு முன்பணம் எவ்வளவு, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பப்பட்டவர்கள் ஏன் வேலைக்காகத் திரும்பி வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த வீடியோவில் வராது. ஆனால் இவற்றில் பொய்யான வரி என்று ஒன்று இல்லாவிட்டால் புகார் நிற்காது. அனுமதி இல்லாமல் முகத்தைக் காட்டியிருந்தால் மட்டும் அந்தரங்க உரிமை என்ற வழியில் போகலாம். மற்றதற்கு ஆசிரியருக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதுங்கள், போதும்.

குழந்தையின் முகமோ பெயரோ பள்ளியோ வந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வீடில்லாத குழந்தை, இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. விசாரணை, வழக்கு தொடர்பான செய்தியில் அப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டினால், அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால் படம் வேகமாகக் காணாமல் போகும். மனநல சிகிச்சையில் இருப்பவரின் படத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உதவும்.

4. காகிதங்கள்

"அவர்களிடம் என்ன அட்டை இருக்கப்போகிறது" என்று நினைக்காதீர்கள். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, தெரு வியாபாரிகள் சட்டப்படி தரப்பட்ட வியாபாரி அட்டை, காப்பகப் பொறுப்பாளரின் கடிதம், வேலை கொடுப்பவரின் இரண்டு வரிக் குறிப்பு எல்லாமே ஆதாரம். வாக்காளர் அட்டை இல்லாதவருக்கு அதையும் இந்த நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வீடற்றவர் படிவம் 6 கொடுத்தால் முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது விதி.

மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். மழையில் நனைந்து, இடத்தைக் காலி செய்யவைக்கும்போது லாரியில் ஏற்றப்பட்டு, எரிக்கப்பட்டு மிஞ்சிய அட்டைகள் அவை. நகல் எடுத்துக் கையோடு திருப்பிக் கொடுங்கள்.

காப்பக எண்ணிக்கை, படுக்கை எண்ணிக்கை போன்றவற்றுக்கு மாநகராட்சியில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: பதில் வந்த பிறகு புகார் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் டிவி மீது புகார் தருவதற்கான 7 நாள் கெடு (6-ஆம் பகுதியில் சொல்கிறேன்) போய்விடும். புகாரை முதலில் அனுப்புங்கள், "தகவல் மனுவின் பதில் பின்னர் இணைக்கப்படும்" என்று ஒரு வரி சேருங்கள்.

5. ஆசிரியருக்குக் கடிதம்

இந்தப் படியைத் தாண்டி மேலே போனால் மேலே இருப்பவர்கள் முதலில் கேட்பது, "ஆசிரியருக்கு எழுதினீர்களா?" என்பதுதான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் நாளிதழின் (தேதி), (பதிப்பு), (பக்கம்) '(தலைப்பு)' என்ற செய்தியோடு வெளியான படத்தில் இருப்பது நானும் என் குடும்பமும். அந்த வழக்குக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. முதல் தகவல் அறிக்கையில் எங்கள் பெயர் இல்லை (இணைப்பு 1). படம் எடுக்கவோ வெளியிடவோ எங்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை. இதே பதிப்பில் இதே பக்கத்தில் திருத்தம் வெளியிடவும், இணையதளம், இ-பேப்பர், சமூக வலைதளப் பக்கங்கள் ஆகியவற்றிலிருந்து படத்தை நீக்கவும் கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தில் எங்கள் பெயரும் வசிக்கும் இடமும் வேண்டாம். 7 நாட்களுக்குள் பதில் தரவும்."

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் "பதிவு வசதியோடு" என்று கேட்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் முகவரிக்கு உங்கள் அலுவலகத்தையோ காப்பகத்தையோ, "மேற்பார்வை" என்று போட்டுக் கொடுங்கள். நடைபாதை முகவரிக்கு வரும் தபால் "ஆள் இல்லை" என்று திரும்பிவிடும். அப்புறம் "பதில் அனுப்பினோம், வாங்கவில்லை" என்பார்கள்.

போனில் "வாங்க, நேர்ல பேசி முடிச்சுக்கலாம், ஒரு நல்ல ஸ்டோரியாவே பண்ணிடலாம்" என்று கூப்பிடுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த நல்ல ஸ்டோரி திருத்தத்துக்கு ஈடு ஆகாது.

6. பதில் வராவிட்டால்

*நாளிதழ், வார இதழ்.* பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும், டெல்லியில் உள்ள பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ், செய்தி நிறுவனம் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் 4 மாதத்துக்குள். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் தலைவர் மன்னிக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. இணைக்க வேண்டியவை: செய்தியின் பிரதி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், பதில் வந்திருந்தால் அதுவும், பத்திரிகை நெறிகளில் எதை எப்படி மீறியது என்ற விளக்கம். கூடவே இரண்டு உறுதிமொழிகள்: தெரிந்த உண்மைகளை எல்லாம் சொல்லியிருக்கிறேன், இந்த விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை. உறுதிமொழி இல்லாத புகார் அப்படியே கிடக்கும்.

இதில் பெரிய பொறி அந்த இரண்டாவது உறுதிமொழி. கோபத்தில் அவதூறு வழக்குப் போட்டுவிட்டால் கவுன்சில் கதவு மூடிவிடும். எதில் போவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஓராண்டு கெடு இருக்கிறது.

கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும், விசாரணை விவரத்தை வெளியிடச் சொல்லவும் முடியும். அபராதம் போட முடியாது. மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் ஆகும். அனுப்பும் முன், கவுன்சிலில் விசாரணைக் குழு அமைந்து கூட்டங்கள் நடக்கின்றனவா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள்.

*டிவி.* இங்கே கெடு கடுமை. ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் சேனலுக்கே முதலில் எழுத வேண்டும். அதன் பதிலில் திருப்தி இல்லை என்றாலோ, பதிலே இல்லை என்றாலோ, 14 நாட்களுக்குள் என்.பி.டி.எஸ்.ஏ. என்ற செய்தி ஒளிபரப்புத் தர ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அதன் உறுப்பினர் பட்டியலில் இல்லாத சேனல்கள் மீது அது கை வைக்காது. பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இல்லாத சேனலுக்கு, வேறு சுயக்கட்டுப்பாட்டு அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்துக்கு, மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம் வழியாக அனுப்பலாம்.

*யூடியூப்.* அந்தரங்க உரிமைப் புகாரைப் பொதுவாகப் படத்தில் இருப்பவரே கொடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போது நிரப்புங்கள். வீடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி, எந்த நிறச் சட்டை என்று குறிப்பிட வேண்டும். நிராகரித்தால், மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம், இலவசம். யூடியூபில் இல்லாமல் செய்தி இணையதளத்தில் வந்தது என்றால் ஒன்று சொல்ல வேண்டும்: செய்தித் தளங்களுக்காக மத்திய அரசு போட்ட 2021 விதிகளின் முக்கியப் பகுதிக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்ததால், செய்தித் தளத்திடம் அந்த விதியைக் காட்டி மிரட்டுவதில் பிரயோஜனம் குறைவு.

7. செலவு

பிரஸ் கவுன்சிலுக்குப் புகார்க் கட்டணம் எதுவும் இல்லை. டெல்லிக்குத் தபால் செலவு, கனத்தைப் பொறுத்து, நூறு ரூபாயைச் சுற்றி. ஜெராக்ஸ் கொஞ்சம். காசு போவது மொழிபெயர்ப்பில்தான். உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள டைப்பிங் கடைகளில் பக்கத்துக்குச் சில நூறு கேட்பார்கள். நீங்களே எழுதினால் அதுவும் மிச்சம், வரிக்கு வரி சரியாக இருந்தால் போதும். "நான் பேசி முடிச்சுத் தரேன்" என்று வரும் இடைத்தரகருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவசம். உதவி எண் 15100.

8. திருத்தம் வந்த பிறகு

அச்சில் சரி செய்துவிட்டு இணையத்தில் மறந்துவிடுவது வழக்கம். தளத்தின் பழைய முகவரி, இ-பேப்பர், ஃபேஸ்புக், எக்ஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பல பத்திரிகைகளின் செய்திகளைத் திரட்டித் தரும் டெய்லிஹன்ட் போன்ற செயலிகளில் அதே செய்தி தனிப் பிரதியாக ஓடிக்கொண்டிருக்கும். பத்திரிகையின் திருத்தக் கடிதத்தை இணைத்து அவர்களுக்கும் எழுத வேண்டும். கூகுள் தேடலில் பழைய படம் இன்னும் காட்டினால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் படிவம் அவர்களிடம் இருக்கிறது.

திருத்தத்தின் பிரதிகள் நாலைந்து எடுத்து லேமினேட் செய்து குடும்பத்திடம் ஒன்று கொடுங்கள். ஒன்றை அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும், ஒன்றைப் பிள்ளைகளின் பள்ளியிலும் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வேலை போன வீட்டுக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் விஷயத்தில் அந்த வீட்டுக்காரம்மா வாங்கிப் படித்துவிட்டு, வேறு ஆள் வைத்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்துத் தெருவில் வேறு வேலை பார்த்துக் கொடுக்க அந்த லேமினேட் காகிதம் உதவியது.